ஐந்து ஏக்கருக்கு எத்தனை ஹெச்.பி. டிராக்டர் வேண்டும்?

நான் முதலில் வாங்கிய டிராக்டர் 50 ஹெச்.பி. பழைய வண்டிதான், ஆனால் எஞ்சினில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்களுக்குக் கோபிசெட்டிப்பாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நாலரை ஏக்கர். தென்னை இரண்டு ஏக்கர், வாழை ஒன்றரை, மீதி ஒரு ஏக்கரில் ஒரு வருடம் மஞ்சள், ஒரு வருடம் நெல். வண்டி வந்து மூன்றாம் நாள் நெல் வயலுக்கு ஓட்டிப் போனேன். பக்கத்துத் தோட்டத்துக் கம்பிவேலிக்கும் வாய்க்கால் கரைக்கும் நடுவே பாதை ஆறடிதான். முன்சக்கரம் தாண்டிவிட்டது. பின்சக்கரம் கரையைச் சரித்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது. வெளியே எடுக்க ஒரு ஜே.சி.பி.யும் முழுசாக ஒரு பகலும் ஆயிற்று. வேலிக்காரருக்கு நான் நட்டுக் கொடுத்த இரண்டு கல்தூண்கள் தனிக் கணக்கு.

அந்த வண்டியை இரண்டு வருடத்தில் விற்றேன். வாழைக்குள் அது ஒருநாளும் நுழைந்ததில்லை.

ஷோரூமுக்குப் போனால் முதலில் கேட்பது "எத்தனை ஏக்கர் வெச்சிருக்கீங்க?" என்றுதான். புதிதாக விவசாயத்துக்கு வருபவர்களும் அப்படித்தான் யோசிக்கிறார்கள். ஐந்து ஏக்கருக்கு இது, பத்து ஏக்கருக்கு அது என்று. ஏக்கர் சொல்வது வண்டி எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை மட்டும்தான். வண்டியின் அளவைச் சொல்பவை வேறு இரண்டு: அது நுழைய வேண்டிய மிகக் குறுகிய இடம் ஒன்று, அதன் பின்னால் நீங்கள் மாட்டப் போகிற கருவி இன்னொன்று. ஹெச்.பி. இந்த இரண்டுக்கும் அப்புறம்தான்.

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு நடங்கள்

வீட்டில் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கடைசி வயல் வரை நடந்து, குறுகலான ஒவ்வொரு இடத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேட், மடைப் பாலம், வண்டிப்பாதை, போர்வெல் மேடை, மோட்டார் ரூம் மூலை. பாலம் என்றால் அகலம் மட்டும் பார்த்தால் போதாது, 45 ஹெச்.பி. வண்டி தனியாகவே இரண்டு டன் அளவுக்கு வரும், மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் இன்னொரு 350, 400 கிலோ. வாய்க்கால் மேல் போட்ட பழைய கல்பலகை அதைத் தாங்குமா என்று யோசியுங்கள்.

45 ஹெச்.பி. வண்டி டயருக்கு டயர் வெளி அளவில் ஐந்தரை, ஆறு அடி வரும். இருபது சொச்சம் ஹெச்.பி.யில் வருகிற மினி டிராக்டர்கள் மூன்று, மூன்றரை அடியில் அடங்கிவிடும். ஓட்டும்போது இரண்டு பக்கமும் அரை அடியாவது இடம் வேண்டும். ஆக, ஏழடிப் பாதை இல்லாத தோட்டத்துக்குப் பெரிய வண்டி தினமும் ஒரு பதைபதைப்புதான்.

அடுத்து பயிர் இடைவெளி. தென்னை 25 அடிக்கு 25 அடி நட்டிருந்தால், மரத்தைச் சுற்றி ஆறடி வட்டப்பாத்தியை விட்டால்கூட நடுவில் பதின்மூன்று அடி கிடைக்கும். எந்த வண்டியும் போகும். ஆனால் நாலைந்து வயதுக் கன்றுகளாக இருந்தால் மட்டை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த வயதில் மினி மட்டையை ஒதுக்கிக்கொண்டு போய்விடும், பெரிய வண்டி முறித்துக்கொண்டு போகும். வாழை ஆறடிக்கு ஆறடி என்றால் மினிகூட முதல் மூன்று மாதம்தான். அதற்கு மேல் இலை கிழியும், பக்கக் கன்று மிதிபடும். கரும்பு மூன்றடிப் பாரில் (மேடு பள்ளமாக இழுத்த வரிசையில்) இருந்தால் களை எடுக்க டிராக்டரையே மறந்துவிடுங்கள். ஐந்தடி அகலப் பாரில் நட்டால் மினியை உள்ளே விட்டு மண் அணைக்கலாம். சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறீர்களா? அதைச் சுருட்டி எடுப்பதற்கு ஆள் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக, வயலின் நீளம். இதைப் பலர் கவனிப்பதில்லை. பின்னால் கருவியோடு ஒரு பெரிய வண்டி திரும்ப ஒவ்வொரு கோடியிலும் பன்னிரண்டு, பதினைந்து அடி வேண்டும். 300 அடி நீள வயலில் இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது அடி போனால் பெரிதாகத் தெரியாது. பாகப்பிரிவினையில் வந்த 20 சென்ட் துண்டு, நீளம் 100 அடி என்றால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைத் திரும்புவதற்கே கொடுக்கிறீர்கள். அப்புறம் அதைக் குறுக்கே ஓட்டிச் சரிசெய்ய வேண்டும், மூலைகளை மண்வெட்டியால் கொத்த வேண்டும். உங்கள் நாலு ஏக்கர் ஒரே சதுரமாக இருக்கிறதா, எட்டுத் துண்டாக இருக்கிறதா என்பது ஏக்கர் கணக்கைவிட முக்கியம்.

பின்னால் என்ன மாட்டப் போகிறீர்கள்?

ஒரு காகிதத்தில் உங்கள் தோட்டத்தில் ஒரு வருடத்தில் நடக்கும் வேலைகளை மாதவாரியாக எழுதுங்கள். கோடை உழவு, எரு அடிப்பது, ரொட்டவேட்டர், பார் பிடிப்பது, சேற்றுழவு, மருந்து அடிப்பது, தேங்காய் லோடு. எதிரே அதற்கான கருவி. அந்தக் கருவிகளில் அதிகச் சக்தி கேட்பது எதுவோ, அதுதான் வண்டியை முடிவு செய்யும். பெரும்பாலும் அது ரொட்டவேட்டராக இருக்கும்.

ரொட்டவேட்டருக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஓர் அடி அகலத்துக்கு எட்டு முதல் பத்து ஹெச்.பி. செம்மண், மணல் கலந்த நிலம் என்றால் எட்டு. கரிசல், களி என்றால் பத்து. மூன்றடி ரொட்டவேட்டருக்கு 24 முதல் 30, நாலடிக்கு 32 முதல் 40, ஐந்தடிக்கு 40 முதல் 50. இதற்குக் குறைந்த வண்டியிலும் ஓட்டுவார்கள். மேலாக ஓட்டுவார்கள், அவ்வளவுதான். நாலு விரற்கடை மண் பொடியாகும், அடியில் அப்படியே கிடக்கும். விளம்பரத்தில் ஒரு மினி வண்டி நாலடி ரொட்டவேட்டரை இழுப்பதைப் பார்த்தால், அது எந்த மண்ணில், எவ்வளவு ஈரத்தில் என்று கேளுங்கள்.

கொக்கிக் கலப்பை என்றால் ஒன்பது கொக்கிக்கு 35 முதல் 45 ஹெச்.பி., மினிக்கு ஐந்து கொக்கி. சட்டிக் கலப்பை, உளிக் கலப்பை இரண்டும் பெரிய வண்டிக்கான வேலை. ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உளிக் கலப்பை போடுவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அதற்காக 50 ஹெச்.பி. வாங்குவது, பொங்கலுக்கு வரும் சொந்தக்காரர்களுக்காக வருடம் முழுவதும் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து வைப்பது மாதிரி. எப்போதாவது வருகிற கனமான வேலையை வாடகை வண்டிக்கு விட்டுவிடுங்கள். அடிக்கடி வருகிற வேலைக்கு உங்கள் வண்டியைப் பொருத்துங்கள்.

கருவியின் எடையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மினிகளில் ஹைட்ராலிக் பெரும்பாலும் 750 கிலோ சுற்றித்தான் தூக்கும். அதுவும் கருவி மாட்டும் முனையில் சொல்கிற கணக்கு. கருவி வண்டியிலிருந்து பின்னால் தள்ளி நிற்கும்போது அவ்வளவு தூக்காது, முன்சக்கரம் லேசாகும். ஏற்கெனவே பழைய கருவி வைத்திருப்பவர்கள் மூன்று முனை இணைப்பின் (கருவியை வண்டியோடு மாட்டும் மூன்று கைகள்) அளவையும் ஒத்துப் பார்க்க வேண்டும். பெரிய வண்டிக் கருவியின் இணைப்பு ஊசி (பின்) மினியில் பொருந்தாது.

வாங்கத்தான் வேண்டுமா?

கணக்கு போடுவோம். ஐந்தடி ரொட்டவேட்டர் ஒன்றரை மீட்டர் அகலம். மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் 4,500 சதுர மீட்டர். திரும்புவது, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது எல்லாம் போக முக்கால்வாசிதான் நிற்கும், 3,400 என்று வையுங்கள். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக, ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம் வரை. மூன்றடி ரொட்டவேட்டரில் இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் அதே ஏக்கருக்கு இரண்டரை மணி நேரம் ஆகும்.

எங்கள் தோட்டத்தை இப்படிக் கணக்கெடுத்தேன். தென்னைக்குள் வருடத்துக்கு நாலு தடவை, மஞ்சளுக்கு இரண்டு உழவும் ஒரு ரொட்டவேட்டரும் பார் பிடிப்பதும், வாழை போடும் வருடம் அதற்கான உழவு, அப்புறம் எரு, தேங்காய், வாழைத்தார் ஏற்றுகிற நடைகள். எல்லாம் சேர்ந்து 50 மணி நேரத்தைத் தாண்டவில்லை. நம்புங்கள், நானே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

இப்போது வண்டியும் கருவிகளும் சேர்ந்து எட்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆறு லட்சம் கடன், வட்டி ஒன்பது சதவீதம். முதல் வருட வட்டி 54,000. தேய்மானம் எட்டு சதவீதம் என்றால் 64,000. இன்சூரன்ஸ், ஆயில் சர்வீஸ் 20,000. ஆக, சாவியைத் தொடாமலே வருடத்துக்கு 1,38,000 ரூபாய். வாடகை வண்டி டிரைவர், டீசலோடு மணிக்கு 1,200 என்றால், சொந்த வண்டிக்கு மணிக்கு 450 ரூபாய் டீசல் போக மிச்சம் 750. 1,38,000-ஐ 750-ஆல் வகுத்தால் 184. வருடத்துக்கு 184 மணி நேரம் ஓடினால்தான் சொந்த வண்டி வாடகையோடு சமம், அதுவும் உங்கள் டிரைவர் கூலியைச் சேர்க்காமல். உங்கள் ஊர் வாடகையையும் வட்டியையும் போட்டு இதையே செய்து பாருங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்தபின்னும் வாங்க நியாயமான காரணங்கள் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் விட்ட வாரத்தில் ஊரே ஒரே நாளில் உழக் கேட்கும். "நாளைக்கு வர்றேனுங்க" என்ற டிரைவர் நாலு நாள் கழித்து வருவார், அதற்குள் ஈரம் போய்விடும். பக்கத்துத் தோட்டங்களுக்கு வாடகைக்கு ஓட்ட முடியும் என்றால் கணக்கே மாறிவிடும். ஆனால் அப்போது நீங்கள் விவசாயியோடு வாடகை வண்டிக்காரரும் ஆகிறீர்கள், பாக்கி வசூலும் உங்கள் வேலை. அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து வாங்கினாலும் கணக்கு கட்டிவரும், சண்டை வராமல் இருந்தால்.

வாங்காமல் சமாளிக்க வேளாண்மைப் பொறியியல் துறையிலும் டிராக்டரும் கருவிகளும் மணி வாடகைக்குக் கிடைக்கும். உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு களை எடுக்கும் ஒரு பவர் வீடரும் வாடகை டிராக்டரும் போதும் என்பது என் கருத்து. வரப்பு நெருங்கிய நெல் வயல் என்றால் பவர் டில்லர் இன்னும் நல்ல மாடு.

சரி, எத்தனை ஹெச்.பி.?

மேலே எழுதியதை எல்லாம் செய்துவிட்டீர்கள் என்றால் விடை அநேகமாக உங்கள் காகிதத்திலேயே இருக்கும். தோப்பு, காய்கறி, அகலப் பார்க் கரும்பு, குறுகிய பாதை என்றால் 18 முதல் 28 வரையான மினி, முடிந்தால் நாலு சக்கர இழுவை. கொஞ்சம் தோப்பு, கொஞ்சம் திறந்த வயல், மாதம் ஒரு டிரெய்லர் லோடு என்றால் 30 முதல் 36. இந்த அளவை வாங்க ஷோரூமில் யாரும் உற்சாகப்படுத்த மாட்டார்கள், ஆனால் சிறு விவசாயிக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடைப்பது அபூர்வம். கரிசல் மானாவாரி, நீள வயல், வாடகைக்கும் ஓட்டுவது என்றால் 42 முதல் 50.

ஐம்பதுக்கு மேல் போவதற்கு முன் ஒன்று. 2023 ஜனவரி முதல் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குப் புகை விதி கடுமையாகிவிட்டது. எஞ்சினில் எலக்ட்ரானிக் சமாச்சாரங்கள் கூடிவிட்டன, விலையும் கூடிவிட்டது, ஊர் மெக்கானிக் கை வைக்கத் தயங்குகிறார். கம்பெனிகள் பலவும் 49 சொச்சத்தில் மாடல் வைத்திருப்பது சும்மா இல்லை.

பானட்டில் எழுதியிருப்பது எஞ்சின் ஹெச்.பி. ரொட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. (வண்டியின் பின்னால் கருவிக்குச் சக்தி கொடுக்கும் சுழல் தண்டு) ஹெச்.பி. அது எஞ்சினில் 85 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். 45 என்று எழுதிய இரண்டு வண்டிகளில் ஒன்று பி.டி.ஓ.வில் மூன்று ஹெச்.பி. அதிகம் கொடுக்கலாம். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் டிராக்டர் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த மாடலுக்கு அறிக்கை உண்டு. "புத்னி ரிப்போர்ட்டில் பி.டி.ஓ. எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பனையாளர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

நான் இரண்டாவது வண்டி வாங்கப் போனபோது நடந்தது இது. "அண்ணா, இன்னும் ஒன்றரை லட்சம் போட்டீங்கன்னா நாப்பத்தஞ்சே எடுத்துடலாம். மாசத் தவணையில பார்த்தா பெரிய வித்தியாசமே இல்லீங்க" என்றார் அந்தத் தம்பி. "வாழைக்குள்ள போகுமா தம்பி?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாழையைக் கொஞ்சம் தள்ளி நட்டுக்கலாங்களேண்ணா" என்றார்.

இரண்டு சக்கரமா, நாலு சக்கரமா?

காய்ந்த மேட்டு நிலம், நல்ல பாதை என்றால் இரண்டு சக்கர இழுவை போதும். சேற்றுழவு உண்டு, அல்லது வண்டி மினி என்றால் நாலு சக்கரத்துக்குப் போங்கள். மினி எடை குறைந்தது, எழுநூறு எண்ணூறு கிலோ. பின்சக்கரம் மட்டும் இழுத்தால் ஈரமண்ணில் சுற்றிக்கொண்டே நிற்கும். காவிரி டெல்டா மாதிரி புதைசேறு உள்ள இடங்களில் எடை குறைந்த நாலு சக்கர வண்டி தாண்டிப் போகும் மடையில், கனமான இரண்டு சக்கர வண்டி உட்கார்ந்துவிடும். தார்ச் சாலைக்கு ஏறும்போது மறக்காமல் லிவரைத் தள்ளி முன்சக்கர இழுவையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முன் டயர் ஒரே வருடத்தில் வழுக்கையாகும்.

குறுகலான வண்டி எளிதில் கவிழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மினியில் வரப்பைக் குறுக்காக, ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்கித் தாண்டாதீர்கள். நேராக ஏறி நேராக இறங்குங்கள். சிக்கிய வண்டியை இழுக்கும்போது சங்கிலியைக் கீழே டிரெய்லர் மாட்டும் கொக்கிப் பட்டையில் மட்டும் கட்டுங்கள். மேலே டாப் லிங்கில் கட்டி இழுத்தால் முன்பக்கம் எழும்பி வண்டி டிரைவர் மேலேயே பின்புறமாகச் சாயும், குதிக்கக்கூட நேரம் இருக்காது.

பணம் கட்டுவதற்கு முன்

உங்கள் வயலில், உங்கள் மண்ணில், நீங்கள் வாங்கப் போகும் கருவியோடு ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றுவது சோதனை இல்லை. ரொட்டவேட்டரை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, எஞ்சின் சத்தம் கம்முகிறதா, கியரைக் குறைத்தாலும் திணறுகிறதா என்று கேளுங்கள். ஓட்டிய பின் இறங்கிக் கையை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். டயர் தடம் ரொட்டவேட்டருக்கு வெளியே அழுந்திக் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். பெரிய வண்டியில் ஐந்தடி ரொட்டவேட்டரை ஒரு பக்கம் தள்ளி மாட்டுவது இதற்காகத்தான். ஒரு தடத்தையாவது அது அழிக்கும், அடுத்ததை அடுத்த சுற்று அழிக்கும்.

சர்வீஸ் ஆள் எவ்வளவு தூரத்திலிருந்து வருவார், ஃபில்டர், பெல்ட் மாதிரிச் சின்னச் சாமான்கள் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கின்றனவா என்று அந்த வண்டியை ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு பேரிடம் கேளுங்கள். ஊரில் எது அதிகமாக ஓடுகிறதோ அதை வாங்குவது பல சமயம் நல்ல முடிவு. காரணம் வண்டி அல்ல, அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள்.

மானியம் வேண்டும் என்றால் வாங்குவதற்கு முன்னரே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்போடு. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று தயாராக இருக்கட்டும். வண்டியை எடுத்துவிட்டு மானியத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை யாராவது நீட்டினால் தேதியைப் பாருங்கள்.

பழைய வண்டி என்றால் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால் அடுத்த நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கருவியைத் தூக்கி வைத்து எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். அதற்குள் கருவி தரைக்கு இறங்கியிருந்தால் ஹைட்ராலிக்குக்குச் செலவு காத்திருக்கிறது. மணி மீட்டரை நம்பாமல் கிளட்ச் பெடலின் தேய்மானத்தையும் கொக்கிப் பட்டை ஓட்டை நீண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் அந்த வண்டி உழவைவிட மணல் லோடுதான் அதிகம் அடித்திருக்கும். கடன் அடைபட்டு, ஆர்.சி.யில் இருந்த கடன் பதிவு ரத்தாகியிருக்கிறதா என்று பார்த்தபின் முன்பணம் கொடுங்கள்.

இப்போது எங்களிடம் இருப்பது 24 ஹெச்.பி. நாலு சக்கர மினி, மூன்றடி ரொட்டவேட்டர், ஐந்து கொக்கி, ஒரு சின்ன டிரெய்லர். தென்னைக்குள் ஒரு தடவை ஓட்டி முடிக்க ஐந்து மணி நேரம் ஆகிறது. பெரிய வண்டி இரண்டரை மணியில் முடித்திருக்கும். நெல் போடும் வருடம் சேற்றுழவுக்கு ஒரு நாள் வாடகை வண்டியைக் கூப்பிடுகிறோம். வாய்க்கால் ஓரப் பாதையில் மினி போகும்போது வேலிக்காரர் கட்டிலிலிருந்து எழுந்திருப்பதுகூட இல்லை.